சைகோன்காரரை நம்ப மறுத்த நிர்மலாதேவி அம்மையாருக்கு

கடல்கடந்த குடிகளின் கதைகளைக் கண்ணுறங்காமல் கற்றவரே! வரலாற்றுத் துறைக்கு வாய்த்த வற்றாத வெளிச்சமே! கேட்டதை எல்லாம் நம்பிவிடாத கூர்மதியே! பேராசிரியர் நிர்மலாதேவி அம்மையாரே, வணக்கம்!

இன்று விடைபெறும் எங்கள் அம்மையாரின் பெருமைக்கு ஒரு நிகழ்வே போதும். அதை, உரியவரின் இசைவோடு, அவையோர் அறியச் சொல்கிறோம்.

பஞ்சமும் போரும் துரத்த, தென்சீனக் கரையிலிருந்து மலாயாவுக்கும் சைகோனுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறிய சீனக் குடும்பங்களே அம்மையாரின் ஆய்வு. நம் புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டின் பின்தெருவில் ஷூ தைக்கும் லூயி, தாம் சைகோனில் பிறந்த வியட்நாம்காரர் என்பார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் நிறைந்த ஊர் அதை நம்பியது. அம்மையாரும் நம்பினார், லூயியின் விரலில் ஊசி ஏறிய நாள்வரை. வலியில் அவர் வாயிலிருந்து வந்தது வங்காள வசவு! இவ்வூர் ஆசிரமத்துக்கு வரும் வங்காளிகள் பேச, அம்மையார் கேட்டுப் பழகிய மொழி அது. சைகோனில் பிறந்தவருக்கு வங்காளம் எங்கிருந்து வந்தது? அடுத்தடுத்துப் போய்ச் சைகோன் தெருக்களைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வந்தது. ஏதோ குற்றத்தை மறைக்கிறார் என்றே அம்மையார் எண்ணினார்.

சில ஆண்டுகளுக்கு முந்திய அந்த நாள்களில்தான் எல்லையில் சீனாவோடு மீண்டும் மோதல் மூண்டது. சாதாரண உடையில் ஒருவர் கல்லூரிக்கே வந்தார்.

"மேடம், அந்த ஷூ தைக்கிறவரு சீனாக்காரராமே? நீங்க அடிக்கடி போறீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க? நீங்க எந்த ஆபீசு?"

வந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அம்மையாரின் சந்தேகம் லூயியை விட்டு வந்தவர்மேல் திரும்பியது.

"எனக்குத் தெரியாதுங்க. எழுத்துல கேளுங்க, பாக்கலாம்."

"மறுபடி வரேன்" என்று அவர் போனதும், அம்மையார் நேரே லூயியின் கடைக்குப் போனார்.

"லூயி அய்யா, உங்களத் தேடி ஆள் வந்துட்டுப் போறாங்க. இப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

அவர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கல்கத்தாவுல பொறந்த சீனன் மேடம் நானு. அறுபத்திரண்டுல சீனாவோட நடந்த சண்டையில எங்க அத்தைய வூட்டோட ரயில்ல ஏத்தி ராஜஸ்தான் முகாம்ல அடைச்சிட்டாங்க. எங்கப்பா என்னத் தூக்கிக்கினு இங்க ஓடியாந்துட்டாரு. சைகோன்னு சொன்னா இந்த ஊர்ல யாரும் நோண்ட மாட்டாங்கன்னாரு. லூயிங்கறது எங்க குடும்பப் பேருதான். ஊரு அத பிரெஞ்சுப் பேருன்னு நெனச்சிக்கிச்சி."

எத்தனை நாள் இவரைத் துளைத்தெடுத்தோம் என்று அம்மையார் வருந்தினார். எந்த ஆய்வாளரும் ஏங்கும் செய்தி கையில் இருந்தும், அவரைக் காக்க, அச்சுக்குப் போகவிருந்த தம் நூலிலிருந்து புதுச்சேரி இயலையே எடுத்துவிட்டார். சொன்னபடி மறுபடி வந்த மனிதரிடம், "அவரு பாண்டிச்சேரிக்காரரு. வேற என்ன வேணும்?" என்று எழுந்து நின்றார். அவர் பிறகு வரவில்லை. ஆனாலும் அம்மையார், கதவு தட்டப்படும்போதெல்லாம் யாரென்று கேட்டே திறந்தார்.

சென்ற வாரம் அம்மையாரின் இறுதி வகுப்புக்கு, யாரும் அழைக்காமலே லூயி வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மாணவர்களை ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு, "நான் கல்கத்தாவுலேர்ந்து வந்தவன்" என்று தொடங்கினார். அறுபது ஆண்டுக்குப் பின், அந்த அத்தையின் பெயரை முதன்முதலாக உரக்கச் சொன்னார். அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மையாரே! உடல்நலமும் உள்ளநிறைவும் ஓங்க, தங்கள் சுற்றம் சூழ நூறாண்டு கடந்தும் வாழ்க!

தங்கள் அன்பு மாறா
வரலாற்றுத் துறையினர்,
புதுச்சேரி