கணக்குல நின்ன கடல்

இல்லண்ணே, பேயி கீயி எதுவும் இல்ல. நல்லா சாப்பிடுறான், பேசுறான். முனியாண்டி முன்னால வச்சு ஒரு கயிறு கட்டிவிடுங்க, போதும். ஆமா, எம் மூத்த மவன் அர்ச்சுனன்தான். லண்டன்ல கடலப் பத்திப் படிக்கிறான்லா, அவன்தான், லீவுல வந்திருக்கான்.

என்ன படிப்பா? எனக்குப் புரிஞ்சதச் சொல்றேன் பூசாரிண்ணே. ரொம்ப காலத்துக்கு முந்தி பாதி ஒலகம் ஐஸா கெடந்துச்சாம். அது உருகி, நல்ல தண்ணியெல்லாம் வடக்குக் கடல்ல கொட்டுச்சாம். அங்க உப்புத் தண்ணி குளுந்துபோயி அடியில எறங்கும், அது எறங்க எறங்க வெயில் பக்கத்துச் சூட்டுத் தண்ணி வடக்க போகும். கடல் அப்படித்தான் சுத்துதாம். நல்ல தண்ணி வந்து மேல மூடிட்டா எதுவும் எறங்காது, சுத்துறது நின்னுடும்.

நெசக் கடல்ல இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல கணக்காலயே ஒரு கடல் செஞ்சு வச்சிருக்கான். அதுல ஐஸ் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டிருக்கான். நின்னுபோச்சு. சரிடா, அந்தத் தண்ணிய நிப்பாட்டினா திரும்பச் சுத்துமில்லன்னு கேட்டேன். சுத்தலம்மான்னான். எங்கயோ தப்புன்னு மறுபடி மறுபடி போட்டுப் பாத்தானாம், அதேதான். படிச்ச புள்ளைங்க கொழப்பம்னு நான் அத விட்டுட்டேன்.

வர்ற எம்பத்தேழாம் வருஷம் அவன் கப்பல்ல போவணும். கடலடிச் சேத்த அள்ளிப் பாத்தா, அந்தக் காலத்துல நெசமாவே நின்னுச்சான்னு தெரிஞ்சுடுமாம். அப்ப நின்னது நெசம்னா இன்னொரு தடவையும் நிக்கலாம்லா. நின்னா ஒலகத்து மழையும் வெயிலும் தலைகீழா மாறிடுமாம்.

கப்பல் முழுகிடும்னு பயமா? அது இல்லண்ணே. சரி, ஒங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். கயிறு வேணாம். ஒங்க மேல சாமி எறங்குறப்ப, நீ அந்தக் கப்பல்ல ஏறாதேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்.

கோவப்படாதீங்கண்ணே. சாமி வாக்க சொல்லிக் கொடுக்க நான் யாரு? நான் கேக்கல, அவன்தான் கேக்கச் சொன்னான். முனியாண்டியே தடுத்துட்டா நான் போவ மாட்டேம்மான்னான். அந்தச் சேறு ஆமான்னு சொல்லிடுமோன்னுதான் அவனுக்குப் பயம்.

நாங்க ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப, சின்னதுல திருநீறு பூச வந்தா தலைய ஒதறிட்டு ஓடுவான், நீங்களே திட்டியிருக்கீங்க. இன்னிக்குக் காலையில அவனாவே குளிச்சிட்டு, ஈப்போ மார்க்கெட்டுக்குப் போயி எலுமிச்சம்பழம் வாங்கி, அவன் கையாலயே மாலை கோத்து எடுத்துட்டு வந்திருக்கான். தோ, வாசல்ல நிக்கிற காடியிலதான் உக்காந்திருக்கான். அவன் மடியில அந்த மாலையப் பாத்தப்பதாண்ணே, அந்தக் கணக்கு நெசமாத்தான் இருக்குமோன்னு எனக்கே தோணிச்சு.