கதவு அக்கா தொட்டுப் பார்த்த கை

மேடையிலிருக்கும் பெரியோர்களே, வார்டு வேலைக்கு நடுவே இந்த இரங்கல் கூட்டத்துக்கு ஓடி வந்திருக்கும் தோழர்களே, தன் சிறுநீரகத்தையே அக்காவுக்குக் கொடுத்துவிட்டு இன்று முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தம்பியே, வணக்கம்.

நம் தலைமைச் செவிலியருக்கு "கதவு அக்கா" என்று ஏன் பெயர் வந்தது? தீவிர சிகிச்சை வார்டின் கண்ணாடிக் கதவருகே இருபத்திரண்டு வருடம் நின்றாரே, அதனால்! உள்ளே போகிறவர் கையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கிருமிநாசினி தேய்த்த கை சில்லென்றிருக்கும். சூடாக இருந்தால் தொலைந்தோம். ஒருநாள் மருத்துவமனை முதல்வரையே, "சார், பதவி வந்து கை கழுவி விடாது. போய்க் கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை! நாங்கள் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தோம்.

அந்த அக்கா அதே வார்டில் நோயாளியாகப் படுத்தார். தம்பியின் சிறுநீரகத்தைப் பொருத்தி, அதை உடல் தள்ளிவிடாதிருக்க மருந்து கொடுத்தோம். அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியையும் தூங்கவைத்துவிடும். காவலில்லாத வீடு அது. எனக்குத் தெரியாதா? தெரியும்!

அன்று மாலை வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக மிதந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவசரமாக வந்து, அவர் கழுத்து நரம்பில் போட்டிருந்த மருந்துக் குழாயைச் சரிசெய்தேன். பாதித் தூக்கத்தில் என் கையைத் தொட்டார்.

"சூடா இருக்கே, டாக்டர்?"

"கழுவிட்டேன்க்கா."

"நீங்க சொன்னா சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கழுவவில்லை. இருபத்திரண்டு வருடம் யார் சொல்லையும் நம்பாதவர் அன்று என் சொல்லை நம்பினார், ஐயா!

இரண்டாம் நாள் காய்ச்சல். கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது. "தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. எல்லாரும் வரிசையா கை கழுவுறாங்க. கடைசியில நீங்க நிக்கிறீங்க, டாக்டர், ஏன் இன்னும் உங்க முறை வரல?" என்று காய்ச்சல் மயக்கத்தில் அக்கா கேட்டார். மறுநாள் போய்விட்டார்.

அது எங்கள் வார்டுக் கிருமி என்றது பரிசோதனை. யார் கையில் வந்தது என்று அது சொல்லாது. "எப்படி டாக்டர் வந்துச்சு?" என்று தம்பி கேட்டபோது, "வந்துடுச்சுப்பா" என்று மழுப்பினேன். அவருக்கான பதில் இதுதான்: என் கையாகவும் இருக்கலாம்.

நாளை முதல் அந்தக் கதவில் நான் நிற்பேன். யார் வந்தாலும் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் முதலில் என் கையை ஒருவர் தொட்டுப் பார்க்கட்டும். தம்பி, காலையில் வருவீர்களா? சூடாக இருந்தால் என்னை உள்ளே விடாதீர்கள்.