பவுடரைக் கழுவச் சொன்ன ஒந்தினா அம்மையாருக்கு

எங்கள் நெய்பா ஊரின் நெருப்பு வெயிலிலும் நெஞ்சு கோணாத நேர்மையே! பெண்களின் மார்பைப் படமெடுத்துப் பிணி கண்ட பெருவண்டியின் பேரரசியே! எங்கள் அன்புக்கும் அதைவிட அச்சத்துக்கும் உரிய ஒந்தினா ஃபேலிஸ் அம்மையீர்!

உங்கள் ஓய்வு விழாவுக்குப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். பொய் கலக்காமல் எழுதுகிறோம். நீங்கள் இனிமையானவர் அல்லர். தெருவோரம் திராட்சை விற்கும் பெண்களைக் கூடையோடு மறித்து, "வலி இல்லையா? அப்ப இப்பவே ஏறுடி! வலி வந்தப்புறம் வந்தா நான் எதுக்கு, பாதிரியாரே போதும்!" என்று வைத வாய் உங்கள் வாய். அந்த வாய்க்கு அஞ்சியே நாற்பது கடந்த பெண்கள் ஆண்டு தவறாமல் வந்தார்கள். அஞ்சி வந்தவர்கள் மிஞ்சி வாழ்கிறார்கள்!

அந்நியர் முன் மேலாடை களைவதென்றால், குளித்து, கழுத்து முதல் மார்பு வரை வெள்ளை வெளேரென்று பவுடர் அப்பி வருவதே எங்கள் ஊர்ப் பெண்களின் மரியாதை. அந்தப் பவுடரோ படத்தில் பொடிப்பொடிப் புள்ளியாக விழும். மார்புப் புற்றுநோயின் முதல் சுவடும் அப்படித்தான் விழும். ஆகவே வண்டி வாசலில் வாளியும் சோப்பும் வைத்து, மேயர் மனைவியென்றும் பாராமல் கழுவ வைத்தீர்கள்.

வண்டியை ஓட்டும் எல்பிதியோ குவேவாஸ் இந்த இயந்திரத்தை நம்பியவர் அல்லர். "மார்பை நசுக்கி, தூங்குற நோயை எழுப்புற மிஷின்" என்று சேவல்சண்டைக் கொட்டகையில் சொல்லித் திரிந்தார். சம்பளம் மட்டும் தவறாமல் வாங்கினார். அவர் மனைவி காசில்தா, நீங்கள் வைததற்குப் பயந்து ஒரு மாலை ஏறினார். கழுவினார், கூச்சத்தில் திரைக்குப் பின்னால் மறுபடி பூசிக்கொண்டார். படமெல்லாம் புள்ளி.

"பவுடர்தானம்மா, ஊருக்கே தெரியும். மழை வருது, வண்டிய எடுக்கறேன்."

"பவுடர்னா கழுவினாப் போகும். போகலைன்னா என்ன செய்வே? சாவியக் குடுய்யா!"

சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினீர்கள். உங்கள் கையாலேயே காசில்தாவுக்குச் சோப்புப் போட்டீர்கள். "குழந்தையாட்டம் குளிப்பாட்டறீங்களே" என்று அவர் சிரித்தார். மறு படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஓடிப்போயின. ஓரிடத்தில் மட்டும் ஒரு சிட்டிகை உப்புப் போல நின்றது. தடவிப் பார்த்தால் எந்தக் கைக்கும் அகப்படாத சிட்டிகை! வேரூன்றுமுன் தலைநகர மருத்துவர்கள் அதை வெட்டியெறிந்தார்கள். பரவியபின் பார்த்திருந்தால் எல்பிதியோ இன்று தானே காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருப்பார்.

அறிவின் அரணே! ஓய்வு பெற்றாலும் உங்களுக்கும் ஆண்டுக்கொரு படம் உண்டு. வராவிட்டால் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுவருவோம். வசவும் குறையாமல், வலிமையும் குறையாமல், நூறாண்டு நலமோடு வாழ்க!

முதல் வரிசையில் காசில்தா அமர்ந்திருக்கிறார். இன்றும் பவுடர் பூசித்தான் வந்திருக்கிறார். இன்று ஒருநாள் மட்டும் திட்டாதீர்கள்.

வண்டிப் பணியாளர் அனைவர் சார்பிலும் இதை எழுதிக் கையொப்பமிடுவது,
ஓட்டுநர் எல்பிதியோ குவேவாஸ்