திரையில் காட்டிய எண்

எண்பது சதவீதம் என்று எழுதியிருந்தால் எல்லாரும் அதை நூறு என்றுதான் படிக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் படிப்பீர்கள் சார், தப்பில்லை.

நான் கணினி விளையாட்டு செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் விளையாட்டில் நீங்கள் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான். சுடுவதற்கு முன் குண்டு குறியில் படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரை காட்டும். எண்பது காட்டி ஐந்தில் ஒன்று தவறினால் கணக்கு சரிதான். ஆனால் ஆடுகிறவர்கள் கொதித்துப்போவார்கள், ஏமாற்று வேலை என்பார்கள். அதனால் எண்பது என்று காட்டிவிட்டு உள்ளே தொண்ணூறு வைப்போம். இந்தப் பொய்யை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை, லாபம் ஆடுகிறவர்கள் பக்கம் இருக்கிறதே. அந்த எண்களை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை.

என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. கெட்டிக்காரன், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த கடைசிக் கட்டத்தை, ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே முடித்தான்.

"இதுக்கா மாமா இவ்ளோ நாள்? எங்க அக்காவே முடிச்சிடுவா" என்றான்.

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள். எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். ஒருவனுக்கு மட்டும் எல்லாம் சுலபமாக அமைவது மற்றவர்களுக்கு நியாயமில்லை, அவ்வளவுதான்.

அவன் பேரில் ஆடும் அக்கவுண்டுக்கு மட்டும் உள்ளே இருக்கும் எண்ணைக் குறைத்தேன். திரையில் தொண்ணூறு, உள்ளே ஐம்பது. சில நாளிலேயே மூக்கில் வியர்த்துவிட்டது அவனுக்கு. கேம் தன்னைக் குறிவைத்து ஏமாற்றுகிறது என்று மேனேஜரையே கூட்டி வந்து நிறுத்தினான். அன்று காலையில் நான் பழையபடி மாற்றி வைத்திருந்தேன். சுட்டதெல்லாம் பட்டது. மேனேஜர் அவன் தோளில் தட்டி, ரெண்டு நாள் லீவு போட்டு நல்லாத் தூங்கு என்றார்.

எல்லாரும் போன பிறகு, "மாமா, நீங்க எதாவது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். சாயங்காலம் வந்து மன்னிப்புக் கேட்டான். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தால் அதே சிரிப்பு, அதே கேலி. அதனால் வீட்டிலும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவன் அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தேன். பூட்டிய கதவைத் திறந்து வைத்தேன். "எங்கடா இருக்கு உன் புத்தி?" என்று அவன் அக்கா திட்டுவாள். சத்தியமாப் பூட்டினேன் என்பான். போகப் போக அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டான். வேலையை விட்டான், டாக்டரிடம் போனோம், மாத்திரை வந்தது. சந்தேகம் தன் மேலேயே திரும்பிவிட்டால் அப்புறம் அது வேறு யார் மேலும் போகாது சார்.

அவனுக்கு நம்பிக்கை மிச்சமிருந்தது என் ஒருவன் மேல்தான். "மாமா, கதவு பூட்டியிருக்கா பாருங்க." "மாமா, நான் சாப்பிட்டேனா?" எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பான். "நீங்க இல்லன்னா இவன் என்னங்க ஆவான்" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

வேன் ஓட்டியவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அவரை உள்ளே வைப்பது நியாயமில்லை. டாக்டர் வீட்டுக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றோம். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான், பார்த்ததை நம்பவில்லை.

"மாமா, வண்டி வருதா?"

வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தத் தூரத்துக்கு ஓடினால் கடந்துவிடலாம், என் கணக்கு இதிலெல்லாம் தப்பாது.

"வரலடா மாப்ள, போ" என்றேன்.

ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். என் பேச்சை நம்பி நிதானமாக நடந்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.