நான் போட்ட கோடு

பதினொரு மணி நேரமாக இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் தரும் டீயில் இஞ்சியே இல்லை, சாஹேப். போசரியில் எங்கள் பட்டறை வாசல் கடைக்காரன்கூட இதைவிட நன்றாகப் போடுவான்.

பண்டரி செத்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல மனிதன் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஊருக்கெல்லாம் வடாபாவ் வாங்கித் தருகிறவன் நல்ல மனிதன்தான். கூரைக்கு இரும்புக் குழாய் வளைப்பவனுக்கு அது போதாது. வளைத்த குழாய் சற்றே பின்னுக்கு நிமிரும். அதைக் கணக்கிட்டுக் கூடுதலாக வளைக்க வேண்டும். அவன் கணக்கிட மாட்டான். விரற்கடை தப்பினால் சிரிப்பான்.

"பிசே புவா, மேல ஏறி அளக்கப் போறது காக்கா மட்டுந்தான்."

பிசே என் பெயர். புவா என்பது பஜனை பாடுகிறவரைக் கூப்பிடுவது போல. பட்டறையே சேர்ந்து சிரிக்கும். காலமெல்லாம் அளந்த என்னை விட்டுவிட்டு முதலாளி அவனைத் தலைவனாக்கினார்.

அவன் லட்சணத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

குழாயின் நீளத்துக்கும் ஒரு வெல்டிங் இணைப்பு ஓடும். வளைக்கும்போது அது பக்கவாட்டில் இருக்க வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் வந்தால் இழுபட்டுப் பிளக்கும். அதனால் இணைப்பின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுத் தருவார்கள். அது என் வேலை. சாகண் ஊர்க் கல்யாண மண்டபக் கூரையின் முதல் வளைவுக்கு, இணைப்பை அராவி மழுக்கி, பெயிண்ட் அடித்து, கோட்டைக் கால் சுற்று தள்ளிப் போட்டேன். பண்டரி விரலால்கூடத் தடவிப் பார்க்கவில்லை. கூட இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னான்.

"புவா போட்ட கோடு. பிரம்மா எழுதின தலையெழுத்து தப்பும், இது தப்பாது."

அதற்குப் பெயர் நம்பிக்கையாம். நான் சோம்பேறித்தனம் என்பேன்.

பட்டறையில் எடை ஏற்றிச் சோதிக்கும்போது பிளக்கும், அவன் தலைகுனிவான் என்பது என் கணக்கு. சோதிப்பது யார் என்கிறீர்கள். நான்தான். மண்டபத்துக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வளைவு கிரேனில் ஏறும்போது, அதை வளைத்தவன் அடியில் நின்று தேங்காய் உடைக்க வேண்டும். தன் வேலை மேல் தனக்கே நம்பிக்கை உண்டு என்று காட்டுவதற்கு. படிப்பில்லாதவர்கள் கண்டுபிடித்த மூடத்தனம். வளைவு பாதி உயரம் ஏறியதும் இணைப்பு வாய் பிளந்தது. குழாய் மடிந்து, கொக்கியிலிருந்து நழுவி விழுந்தது.

விபத்து என்றே எழுதிக்கொள்ளுங்கள். துல்லியம் கருதி ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். விரிசலை முந்தின நாளே பார்த்தேன். அதன் மேல் நானே பெயிண்ட் அடித்தேன். மறுநாள் பண்டரி தேங்காயோடு ஓரமாகத்தான் நின்றிருந்தான். நான்தான் கூப்பிட்டேன்.

"பண்டரி, இன்னும் ரெண்டடி உள்ள வா. அளவு தப்புது."