கஜபதியின் விரல்

தங்கமீன்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. பரிதாபப்பட்டு அள்ளிப் போட வேண்டாமென்று உங்கள் ஏட்டையாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

ஆவடிப் பக்கம் ஒரு பேக்டரியில் நான் பிட்டர். இரும்பு ஆங்கிளும் கண்ணாடியும் வாங்கி, முத்தாபுதுப்பேட்டை வீட்டில் அந்த மீன்தொட்டியை நானே செய்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கை வைத்து மூலைகளை அடைத்தேன். ஒழுகியது. அதை நான் மறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கஜபதிக்கும் அதே பேக்டரிதான். என் தொட்டிமேல் அவனுக்குத்தான் எத்தனை அக்கறை! ஞாயிறு தவறாமல் வருவான். மரியாதை தெரிந்தவன்; செருப்பை வாசலில் விட்டு, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். தொட்டியின் அடிச்சட்டத்தில் விரலை ஓட்டி, அதை என் மனைவி கஸ்தூரியிடம் காட்டுவான்.

"இன்னா மச்சான், உன் மீனு இன்னும் ஒண்ணுக்கு போறத நிறுத்தல போல கீது."

திங்கட்கிழமை கான்டீனில் அதே விரலை எல்லோரிடமும் காட்டுவான். பன்னிரண்டு வருடம் நூல் பிசகாமல் வேலை பார்த்த இந்த மணவாளனை 'ஒழுகல் மணவாளன்' என்றார்கள். கோபமெல்லாம் இல்லை ஐயா. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பர்மா பஜாரில் சிலிக்கோன் என்று ஒரு பசைக்குழாய் கிடைத்தது. மீன்களை வாளிக்கு மாற்றி, பழைய மக்கைச் சுரண்டி, தொட்டியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, உள்மூலைகளில் பசையைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்துவிட்டேன். வீடெல்லாம் காடி வாசனை. ஒரு வாரம் காயவைத்துத் தண்ணீர் நிரப்பினேன். ஒரு சொட்டு இல்லை.

கஜபதி வந்து தடவினான். "ஈரம் கீது மச்சான்."

கால் கழுவும்போது கையில் பட்ட ஈரமாயிருக்கும் என்றேன். லுங்கியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினான். "இப்பவும் கீது," என்று சிரித்தான். கண்ணெதிரே இருப்பதை இல்லையென்று சாதிக்கிறவனிடம் எவ்வளவுதான் பேசுவது?

அடுத்த ஞாயிறு கஸ்தூரியை அண்ணனூரில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தொட்டி விளக்கின் கரண்டை இரும்புச் சட்டத்துக்கும் கொடுத்தேன். பேக்டரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் காலைக் கழுவிக்கொண்டு வந்தான். விரலை நீட்டினான். சுவிட்சைப் போட்டேன்.

இந்த முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை. மீன்கள் சௌக்கியம். அவற்றுக்கு ஆபத்து வராதபடி யோசித்துத்தான் செய்தேன்.

கஸ்தூரி உங்களிடம் எதையோ எழுதிக் கொடுத்தாளாமே. பசை போட்ட பிறகும் அடியில் கசிந்ததாம். தினமும் நான் வருவதற்குள் துணியால் ஒற்றி எடுத்தாளாம். "சொன்னா அந்த மன்சன் மனசு ஒடிஞ்சி பூடும்னு சொல்லல," என்றாளாம். பாவம், அதிர்ச்சியில் உளறுகிறாள். கஜபதியைக் கொன்றது நான்தான் ஐயா, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் எழுதியதை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.