தலைவரின் நீண்ட சுஜூது

— ஏலாது முனவ்வறா. அந்தப் பொன்னாடைய நான் போட மாட்டன். வந்த வேனத் திருப்பி அனுப்பிவிடு.

— நல்ல கதை! அஸர் தொழுகைக்குப் பொறகு கூட்டம். மாவடிப்பள்ளியில இரிந்தும் ஆக்கள் வந்திட்டாங்களாம். இந்த நேரத்திலயா பிடிவாதம்? கையத் தூக்குங்க, சட்டையப் போடுவம்.

— நீ சொல்லுவாய். நோட்டீஸ்ல என்ன அடிச்சிரிக்காங்கண்டு பாத்தியா? "தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் கண்ணீரோடு தொழுது இரண்டு ஊர்களைக் காத்த பள்ளித் தலைவர் அல்ஹாஜ் பதியுதீன்."

— அதுல என்ன பிழை?

— பிழை இரிக்கி புள்ள. இத்தின வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்கு. முதல்ல கதவச் சாத்து. மகள் கேட்டிருவா.

— அவ வெளியில டிரைவரோட கதைச்சிட்டு நிக்கா. சொல்லுங்க.

— நாடே பத்தி எரிஞ்ச நேரம். அண்டைக்கு விடிய வயலுக்குப் போன நாலு பேர் திரும்பி வரல்லயே, நினைவிரிக்கா?

— மறக்கேலுமா? ஊர்ச் சனம் முழுக்கப் பள்ளிக்குள்ள. ஆம்பிளையள் முன்னால, நாங்க திரைக்குப் பின்னால. புள்ளையளுக்குக் குடுக்கத் தேத்தண்ணி கூட இல்ல.

— பொடியன்மார் கத்தி பொல்லோட எழும்பிட்டாங்க. "தமிழாக்கள்தான் கொன்னிரிப்பாங்க, பக்கத்து ஊருக்குள்ள பூருவம்"ண்டு நிக்காங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கல்ல. கடைசியா, "ரெண்டு ரக்அத்து தொழுதிட்டு வாறன், அதுமட்டும் பொறுங்கடா"ண்டு கெஞ்சினன்.

— ஓம். சுஜூதுக்குப் போன நீங்க எழும்பவேயில்ல. தலைவர் தலைய நிமித்தாம ஒருத்தரும் அசையல்ல.

— அதத்தான் சொல்ல வாறன். மூணு நாளாக் கண் மூடல்ல நான். நெத்திய நிலத்தில வச்சு, "யா அல்லாஹ், இவங்கள மறிக்க என்னால ஏலா, நீ பாத்துக்கோ"ண்டு கேட்டன். அவ்வளவுதான். அதோட...

— அதோட?

— நித்திரையாகிட்டன்.

— யா றப்பே!

— என்னகா சிரிக்காய்? ஊரே எரியப் போகுது, தலைவன் நித்திரை! தூங்கினா, கைகால் கழுவி எடுத்த ஒழுவும் போச்சு, தொழுகையும் போச்சு. மறுகா ஒருத்தருக்கும் தெரியாமத் திருப்பித் தொழுதன்.

— சிரிக்காம என்ன செய்ய? சரி, எப்பிடி முழிச்சீங்க?

— சத்தம் கேட்டு. வாசல்ல மாட்டு வண்டி. இண்டைக்குப் பேச வாற பக்கத்து ஊர் தர்சிகா டீச்சர்ட அப்பா ஓட்டிட்டு வந்திரிக்காரு. வைக்கோலுக்குள்ள இரிந்து நம்மட நாலு பேரும் ஒவ்வொருத்தரா எழும்புறாங்க! ஆயுதக்காரங்க வந்த நேரம் தன்ட வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்ச மனிசன். பொடியன்மார் கத்தியப் போட்டிட்டு அவரத் தோளில தூக்கினாங்க.

— எங்கட குரவை கடல் வரைக்கும் கேட்டிரிக்கும்.

— நான் தூங்கின அந்த அரை மணித்தியாலத்தில அவங்க கிளம்பியிரிந்தா, அந்த மனிசன வழியிலேயே வெட்டியிரிப்பாங்க. ஆனா நான் என்ன செஞ்சன்? ஒண்டுமில்ல.

— ஏன் ஒண்டுமில்ல? பொறுப்ப அல்லாஹ்ட்டக் குடுத்தீங்க. குடுத்த ஆள் மறுகா நிம்மதியாத் தூங்கத்தானே வேணும்?

— நீ லேசாச் சொல்றாய். தர்சிகா மேடையில ஏறி, தலைவர் தேம்பித் தேம்பி அழுதாருண்டு சொல்லப் போறா. ஒரு சொட்டுக் கண்ணீர் நான் விடல்ல.

— அப்ப மேடையில நீங்களே உண்மையச் சொல்லுங்க. ஊர் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும்.

— சொல்லத்தான் போறன். எனக்கு விளங்காதது ஒண்டுதான். அவ்வளவு அவசரத்தில நிண்டவங்க, ஏன் ஒருத்தனும் என்னத் தட்டி எழுப்பல்ல?

— எப்பிடி எழுப்புவாங்க? உங்கட குறட்டை திரைக்கு இங்கால வரைக்கும் கேட்டிச்சு. "அதென்ன சத்தம்"ண்டு சித்தி லைலா கேட்டா. "எங்கட ஆள் அழுறாரு, ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க"ண்டு பள்ளி முழுக்கக் கேக்கிற மாதிரிச் சொன்னது நாந்தான்.